முதிரை, இரும்பு, கொங்கிரீட்: கோச்சிப் பாதையில் ஐந்து நாள்

முதல் நாள்: கோட்டையிலிருந்து பேராதனை

எங்கள் வீட்டில் ரயில் என்று யாரும் சொன்னதில்லை. கோச்சிதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது புகையிரதம், கொழும்பில் வேலைக்கு வந்தபிறகு ட்ரெயின். அப்பாயி மட்டும் சாகும்வரை கோச்சி என்றே சொன்னார். "கோச்சி ஆத்தத் தாண்டும்போது சத்தம் மாறும், கேட்டுக்க" என்று சின்ன வயதில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆற்றையும் பாலத்தையும் நின்று பார்க்க வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு. பதுளைக்குக் கோச்சி வந்து 2024இல் நூறு வருடம் ஆனது. அதைச் சாக்காக வைத்து லீவு போட்டேன். தம்பியும் ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பாலத்தில் ஆர்வம் கிடையாது, எல்ல என்ற மலையூரில் படம் எடுக்க வேண்டும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலைக் கோச்சி. ரம்புக்கனை வரை தூங்கலாம், அதற்குப் பிறகு தூங்கினால் பாவம். அங்கிருந்து கடுகண்ணாவை வரை 12, 13 மைலுக்குள் பாதை சுமார் 1,400 அடி ஏறுகிறது. 45 அடி போனால் ஓரடி உயரம். எஞ்சின் முக்கி முனகிப் போகிறது, பக்கத்தில் பள்ளம், எதிரே பத்தலேகல பாறை.

இந்தப் பாதையை யாருக்காகப் போட்டார்கள்? கோப்பிக்காக. கண்டிச் சீமையில் விளைந்த கோப்பி மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் ஊர்ந்து கொழும்புத் துறைமுகம் போய்ச் சேரும். துரைமார் பொறுமை இழந்தார்கள். 1858 ஆகஸ்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸை வரை வண்டி ஓடியது, 1867இல் கண்டிக்கு வந்தது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில் பிறகு தேயிலைப் பெட்டிதான் இறங்கியது.

மலையை வெட்டியதும் கல் சுமந்ததும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆட்கள். ஒப்பந்தக்காரர் ஃபேவியல், பொறியாளர் மோல்ஸ்வொர்த், இவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காய்ச்சலில் விழுந்தவர்களை "கூலிகள்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

மத்தியானம் பேராதனைச் சந்தியில் இறங்கும்போது மழை. தம்பியின் குடை கோச்சியிலேயே போய்விட்டது. கண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் நாள்: பேராதனை

இன்று முழுக்க ஒரே ஆறு. மகாவலி கங்கை, 335 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது.

முதலில் பேராதனைச் சந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கேதான் பாதை பிரிகிறது. ஒன்று கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன் என்று பதுளை போகும். இன்னொன்று ஆற்றைத் தாண்டி சரசவி உயன வழியாகக் கண்டிக்கும் மாத்தளைக்கும் போகும். இன்றைக்குப் பதுளைப் பாதைதான் பிரதான பாதை, கண்டி கிளைப் பாதை. ஆனால் முதலில் வந்தது கண்டி. ஆற்றைத் தாண்டுவதற்குத்தான் இத்தனை பாடும் பட்டார்கள். பாதை நீண்டுபோக, ராஜதானி கிளையாகிவிட்டது. சிரிப்பாக இருக்கிறது.

காலையில் சாலைப் பாலத்தில் நின்றோம். இப்போதிருக்கும் பாலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லொறி, பஸ், ஹோர்ன். ஆனால் இதே இடத்தில் ஒரு காலத்தில் உலகம் பேசிய பாலம் ஒன்று இருந்தது. 1833இல் ஜோன் ஃப்ரேசர் என்ற ராணுவப் பொறியாளர் கட்டியது. முழுக்க முதிரை மரம். கரைக்குக் கரை ஒரே வளைவு, 205 அடி. நடுவில் தூண் இல்லை. அதைவிட ஆச்சரியம், ஓர் ஆணிகூட இல்லை, திருகாணியும் இல்லை. துண்டுக்குத் துண்டு செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

முதிரை என்றால் எங்கள் பக்கம் கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் ஆசைப்படுகிற மரம். கறையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. நம் வீட்டு அலமாரி மரத்தில் ஓர் ஆற்றுப் பாலம் என்று நினைத்துப் பாருங்கள். கோப்பி வண்டிகள் எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கின. 72 வருடம் தாங்கி, 1905இல் கழற்றி எடுத்தார்கள். அப்படியென்றால் 1867இலிருந்து 38 வருடம், மாட்டு வண்டி மரப்பாலத்தில் போக, கொஞ்சம் தள்ளிக் கோச்சி ஆற்றைத் தாண்டியிருக்கிறது. எனக்குக் காலயந்திரம் கிடைத்தால் அரசன் அரண்மனையெல்லாம் வேண்டாம், அந்த 38 வருடத்தில் ஒரு நாள் இந்தக் கரையில் நிற்க வேண்டும்.

தம்பி பூங்காவுக்குப் போகலாம் என்றான். போனோம். 1821இல் தொடங்கிய தாவரத் தோட்டம், ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். குரங்கு ஒன்று தம்பியின் பாண் துண்டைப் பறித்துக்கொண்டு போனது. பூங்காவைப் பற்றி அவ்வளவுதான்.

பின்னேரம்தான் வந்த காரியம். ரயில் பாலத்தை இங்கே கறுப்புப் பாலம் என்கிறார்கள், சிங்களத்திலும் "கலு பாலம". பார்க்க வருபவர்களுக்கென்று ஒரு மேடையும் இல்லை, பலகையும் இல்லை. ஆற்றங்கரைப் பாதையில் மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு இறங்கினால் தெரிகிறது. பெயருக்கேற்ற கறுப்பு பாதி, துரு பாதி. கீழே தண்ணீர் பால் விடாத பிளேன்டி நிறத்தில் ஓடுகிறது.

கரையில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தமிழில்தான் பேசினார். முப்பது வருடம் பாதை வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"என்னா புள்ள, பாலத்தையா படம் எடுக்கிறீங்க? எல்லயில போயி எடுக்க வேண்டியதுதானே?"

"அங்கேயும் போறோம் தாத்தா. இதத்தான் முதல்ல பாக்கணும்னு வந்தோம்."

அவருக்கு அது பிடித்திருக்க வேண்டும். தூண்டிலை ஓரமாகக் குத்திவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

இரும்புப் பாலத்தைச் சோதிக்கச் சுத்தியல் போதுமாம். ரிவிட் ஆணியை ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். "இறுக்கமா இருந்தா டிங்குன்னு பாடும். தளந்து போனது செத்த தவளையத் தட்டுன மாதிரி இருக்கும். சோக்கட்டியால அதுல ஒரு வட்டம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்." இளம் வயதில் கிழவர் ஒருவர் இவரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்வாராம்.

அடுத்தது வெயில். இரும்பு சூட்டில் நீளும். நூறு அடி உத்தரம் காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வரை நீளக்கூடும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் தூண் பிளந்துவிடும். அதனால் ஒரு முனையைப் பூட்டி, மறு முனையை நகரவிட்டு வைப்பார்கள். "ஒரு கால ஊனி ஒரு கால நகத்துற மாதிரி" என்று எழுந்து நின்று காட்டினார். பாதம் நழுவி ஆற்றுக்குள் போகப் பார்த்தார், தம்பி பிடித்துக்கொண்டான்.

அவர் பயந்தது கோச்சிப் பாரத்துக்கு இல்லை, வெள்ளத்துக்கு. வெள்ளம் வந்தால் தண்ணீர் மட்டும் வராது. மேலே கரை இடிந்து மூங்கில் குத்து வேரோடு மிதந்து வரும். தூணில் ஒரு குத்து மாட்டினால் அடுத்தது அதில் மாட்டும், அப்புறம் பாலம் அணைக்கட்டாகிவிடும். தண்ணீர் போக வழி தேடித் தூணின் அடி மண்ணைத் தோண்டும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் மழைக்காலத்தில் ராத்திரி லாம்போடு வந்து காவல் இருப்பார்களாம். "பாலம் மேலருந்து விழாது புள்ள, கீழருந்துதான் விழும்."

பாலத்தின்மேல் நடக்கலாமா என்று தம்பி கேட்டான். "நடக்கப்படாது" என்று ஒரே வார்த்தை. பிறகு மீன் மாட்டியது, எங்களை மறந்துவிட்டார்.

இனி அப்பாயி கதை. இதற்காகத்தான் வந்தேன், ஆனால் எழுத வரும்போது கை இழுக்கிறது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத்து ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அப்பாயி இந்தப் பக்கம் விழுந்தார், அவருடைய தங்கை அந்தப் பக்கம் விழுந்தார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா (அறை).

எழுபதுகளில் ஒரு தை மாதம் சின்ன அப்பாயி குடும்பம் மாத்தளையில் கோச்சி ஏறியது. மாத்தளைப் பாதை 1880இல் போட்டது. அதில் கண்டிக்கு வந்து, இந்தப் பாலத்தைத் தாண்டி, பொல்கஹவெல வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். எங்கள் ஆட்கள் வந்ததும் மன்னார்ப் பக்கமாகத்தான். முன்னே வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்குக் கோச்சி வந்தபிறகு அதில் வந்தார்கள். போனதும் அதிலேதான்.

அப்பாயி பேராதனைச் சந்தி வரை கூடப் போனார். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தும் சின்ன அப்பாயிக்கு மகாவலியை அடையாளம் தெரியாதாம். பாலத்தில் சத்தம் மாறியதும் "இது என்னா ஆறுக்கா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் லயத்துக் காம்பராவின் சாவி. கணக்கப்பிள்ளையிடம் கொடுக்க மறந்து எடுத்துவந்துவிட்டார். பாலத்தின் நடுவிலோ முடிவிலோ அது அப்பாயி கைக்கு வந்தது. சந்தியில் அப்பாயி இறங்கிக்கொண்டார், கோச்சி போய்விட்டது.

மறுநாள் சாவியோடு காம்பராவுக்குப் போனால் வேறு ஆள் வந்து வேறு பூட்டுப் போட்டாயிற்று. கணக்கப்பிள்ளை அந்தச் சாவியை வாங்கவில்லை. இன்னும் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் தொங்குகிறது. சின்ன அப்பாயியிடமிருந்து நீலகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் அவர் மகன்தான் எழுதியிருந்தான்.

பாலத்தில் ஒரு கோச்சி போனது. ஏழு பெட்டி. பெரியவர் தலையைக்கூடத் திருப்பவில்லை, காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது போலத் தோன்றியது.

மூன்றாம் நாள்: பேராதனையிலிருந்து எல்ல

நாள் முழுக்கப் பயணம், எழுத நேரமில்லை. உட்கார இடம் கிடைத்தது நாவலப்பிட்டியில்.

வடை விற்பவர் பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். கணக்குத் தாள், நூற்றுக்கு முப்பத்தாறு. ஐந்தாவது கணக்கு சரியாகத்தான் செய்திருக்கிறது பிள்ளை, மாஸ்டர் தவறாகப் பிழை போட்டிருக்கிறார். நானும் டீச்சர் என்பதால் மனது கேட்கவில்லை.

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம், 562 மீட்டர், நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கம். உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்க "ஹூ" என்று கூவுகிறார்கள். பெரியவர்களும்தான். தம்பிக்கு முப்பது வயது, அவன்தான் அதிகச் சத்தம்.

பாதை மலையேறிய வேகத்தைப் பாருங்கள். நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894. இருபது வருடத்தில் அத்தனை மலை. அப்புறம் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு மட்டும் முப்பது வருடம், 1924. நடுவில் உலகப் போர். பள்ளம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்.

பட்டிப்பொல, 6,226 அடி, இதற்குமேல் இலங்கையில் ரயில் நிலையம் கிடையாது. குளிரில் விரல் மடங்கவில்லை. எல்லயில் இறங்கும்போது இருட்டிவிட்டது.

நான்காம் நாள்: எல்ல, தெமோதரை

ஒன்பது வளைவுப் பாலம். சொல்லவே வேண்டாம், எல்லாருடைய போனிலும் இருக்கிறது. காலை ஆறரைக்கே கூட்டம். இளநீர்க் கடை, தொப்பிக் கடை, ஒரு மணப்பெண், இரண்டு மாப்பிள்ளை. இரண்டாவது மாப்பிள்ளைக்கான மணப்பெண் சேற்றில் வந்துகொண்டிருந்தாள்.

நேரில் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். நேராகப் போகாமல் வளைந்து போகிறது, அதில்தான் அதன் அழகே இருக்கிறது.

இதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. போர்க்காலம், பாலத்துக்கென்று ஒதுக்கிய எஃகு சண்டைக்குப் போய்விட்டது. வேலை நின்றது. அப்போது அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் வந்து, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்தே கட்டித் தருகிறேன் என்றாராம். வெள்ளைக்காரர்கள் நம்பவில்லை. முதல் கோச்சி போகும்போது பாலத்துக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கட்டினாராம். ஆட்டோக்காரர் இதை அப்படியே நடித்துக் காட்டினார்.

நல்ல கதை. ஆனால் இந்தப் பாலத்துக்கு ஒரு காகிதமும் இருக்கிறது. ரயில்வேயின் நிர்மாணப் பகுதியில் வேலை பார்த்த ஹரோல்ட் கத்பர்ட் மார்வுட் என்பவர் வடிவமைத்தது இது. 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் வரைபடம் உட்பட எல்லாம் உண்டு. அதன் தலைப்பே "இலங்கையில் ஒரு கொங்கிரீட் ரயில் பாலத்தின் நிர்மாணம்" என்றுதான். மார்வுட் பெயரைச் சொன்னபோது ஆட்டோக்காரர் "அது யாரு?" என்றார். அப்புஹாமி ஆளும் பொருளும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம், மார்வுட் கோடு போட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அடிக்க வேண்டியதில்லை. படுத்த கதையை மட்டும் நான் நம்பவில்லை.

எஃகு இல்லாமல் எப்படி நிற்கிறது என்று தம்பி கேட்டான். நேற்று ராத்திரி பிஸ்கட்டை அடுக்கி வளைத்துக் காட்டியும் புரியவில்லை. வளைவில் மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு நெருக்குகிறது, அவ்வளவுதான். கல்லும் கொங்கிரீட்டும் நெருக்கினால் எவ்வளவும் தாங்கும், இழுத்தால்தான் விரிசல் விடும். பேராதனையில் இரும்பு உத்தரம் படுத்துக்கொண்டு பாரம் தாங்குகிறது, அதன் அடிப்பக்கம் இழுபடும். அதற்கு இரும்புதான் வேண்டும். முதிரையிலும் ஃப்ரேசர் போட்டது வளைவுதான். கையில் இருந்த பொருளுக்கு ஏற்ற மாதிரி பாலம். தம்பி பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டான்.

பாதையோரமாகத் தெமோதரைக்கு நடந்தோம். என் காலில் இரண்டு அட்டை, தம்பிக்கு ஐந்து. தெமோதரையில் ஒரு வேடிக்கை. ஸ்டேஷனை விட்டுப் பதுளைப் பக்கம் கிளம்பும் கோச்சி ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 44 அடிக்கு ஓரடிக்குமேல் சரிவு கூடாது என்பது விதி. பள்ளமோ ஆழம். அதனால் சுற்றிவிட்டார்கள்.

இதற்கும் கதை உண்டு, இது எங்கள் ஆட்களின் கதை. பொறியாளர் வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். துணி ஒரு சுற்று வந்து தன் அடியிலேயே நுழைவதைப் பார்த்த துரைக்கு யோசனை பிறந்ததாம். டார்ஜிலிங் பாதையில் இந்த மாதிரிச் சுற்று 1881இலேயே வந்துவிட்டது, எந்தப் பொறியாளருக்கும் அது தெரிந்திருக்கும். அப்புஹாமி கதையை நம்பாத நான் இதையும் நம்பக் கூடாது. சரி, நம்பவில்லை. ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியின் துவாயை வாங்கித் தலையில் சுற்றிப் பார்த்தேன். உண்மையாகவே அடியில் நுழைகிறது. அப்புஹாமிக்கு அவர் கதையில் பெயர் இருக்கிறது. எங்கள் கங்காணிக்கு இல்லை, அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

ஐந்தாம் நாள்: பதுளை, திரும்பக் கண்டி

பதுளை ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற இடத்தைப் பார்த்தோம். கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். புல் முளைத்திருந்தது. கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு உடனே கண்டி போகும் கோச்சியில் ஏறினோம். நாளைக்கு மாத்தளையில் அத்தை வீட்டில் விருந்து.

நானுஓயா தாண்டியதும் தூங்கிவிட்டேன். கம்பளையில் யாரோ பெட்டியை என் காலில் வைத்ததில் விழித்தேன். வெளியே இருட்டு. பேராதனைச் சந்தியில் நிறையப் பேர் இறங்கினார்கள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோச்சி மெதுவாக நகர்ந்து திரும்பியது. ஆறு தெரியவில்லை, கரையில் ஒரே ஒரு விளக்கு. அப்புறம் சக்கரத்துக்கு அடியில் மண் போய்விட்டது, சத்தம் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆனது.

"அக்கா, பாலமா?" என்று உள்ளேயிருந்து தம்பி கேட்டான்.

ஆமாம் என்று சொல்வதற்குள் சத்தம் பழையபடி ஆகி, சரசவி உயன பலகை வந்துவிட்டது.